பின்சீட்டில் நடு இடம்

என் மகன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். காரியம் இல்லாவிட்டால் கதவு நிலையில் சாய்ந்தபடியே "பசியாறிட்டீங்களாம்மா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மாடி ஏறிவிடுவான். அன்றைக்கு உட்கார்ந்தான். என் காலைக்கூட எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சரி, பெரிய காரியம்தான் என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"அம்மா, ஜெர்மனிக்கு ஒரு வாய்ஸ் போடணும். ஒங்க தங்கச்சி மவளுக்கு."

"என்னன்னு போட?"

"நாங்க வர்றோம், நாலஞ்சு நாள் தங்குவோம்னு."

"நாங்கன்னா யாரு?"

கொஞ்சம் யோசித்தான். "நீங்களுந்தாம்மா. நீங்க வர்றீங்கன்னே சொல்லுங்க."

நான் ஐரோப்பா போவது இப்படித்தான் முடிவானது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் ஒவ்வொருவர் முகமும் இருக்கும். முகத்தைத் தொட்டு, மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினால் போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் கதையையும் வாயால்தான் எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் என் பேச்சை வாரிச் சீவிப் பின்னல் போட்டு எழுதுகிறார். கிள்ளானில் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான் நான் பேசும்போது போனைப் பார்க்காதவர்.

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டிலாவது தங்க வேண்டுமென்றால் பெரியவர்கள்தான் கேட்க வேண்டும். சின்னவர்கள் கேட்டால் அந்தப் பக்கம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், இல்லை குளியலறையில் தண்ணீர் வராது. பெரியவள் ஒருத்தி "நான் வரேன்" என்று சொல்லிவிட்டால் பெயிண்ட் காய்ந்துவிடும், தண்ணீரும் வந்துவிடும். என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் ஈப்போ, பினாங்கு என்று எங்கே போனாலும் அவரை முன்னால் விட்டுத்தான் நாங்கள் பின்னால் போவோம். இப்போது முன்னால் போக நான் இருக்கிறேன். என் மகன் துறைமுகத்தில் கப்பல் சாமான் கணக்குப் பார்க்கிறவன். எந்தப் பெட்டியை முதலில் இறக்கினால் மற்றது தானாக நகரும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்தப் பயணத்தை ஆரம்பித்தது மருமகள். பேத்தி பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டாள், பேரன் காலேஜ் போகக் காத்திருக்கிறான். "இதுதான் கடைசி சான்ஸ், அத்தை. இனிமே ரெண்டும் நம்மகூட வராதுங்க" என்று அவள் சொன்னபோது கண் கலங்கியது. பாரிசில் இறங்கி, அங்கே ஒரு காரை, நாங்கள் காடி என்போம், வாடகைக்கு எடுத்து, ஹாலந்து போய், ஜெர்மனி போய், மலையெல்லாம் தாண்டி இத்தாலியில் விட்டுவிட்டு ஏறி வருவதாம். பாரிசில் என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன். ஹாலந்தில் என் அண்ணன் மகன். ஜெர்மனியில் தங்கை மகள். எல்லாம் என் கையில் இருக்கிற சாவி.

மூன்று பேருக்கும் வாய்ஸ் போட்டேன். மூன்று பேரும் அழுதார்கள். ஜெர்மனிக்காரி, "பெரியம்மா, நீங்க வரப்போறீங்களா, நெசமாவா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள். அவளை மூன்று வயதுவரை நான்தான் வளர்த்தேன், அவள் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கப் போனபோது. பாரிஸ்காரன் நெத்திலிக் கருவாடு கேட்டான். ஹாலந்துக்காரன் மனைவிக்குக் கறித்தூள், அதுவும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு குறிப்பிட்ட கடையில் அரைத்தது. கொண்டுவருகிறேன் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஊர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோபுரம், பனி, படகு எல்லாம் டிவியில் பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியது காடிக்குள் உட்காருவதுதான். வீட்டில் ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு கதவு. காடியில் கதவைச் சாத்தினாலும் எல்லோரும் உள்ளேதான் இருப்பார்கள். ஒரு தீபாவளிக்கு ஈப்போ போனபோது பேரன் என் தோளில் தூங்கிச் சேலையெல்லாம் எச்சிலாக்கினான். பேத்தி தன்னோடு படிக்கிற ஒரு பையனைப் பற்றித் தாப்பாவிலிருந்து பீடோர் வரைக்கும் என் காதுக்குள் சொன்னாள். வீடு திரும்பியதும் இரண்டும் கதவைச் சாத்திக்கொண்டன. அது ஒரு நாள் போக்குவரத்து. இதுவோ இரண்டு வாரம். பின்சீட்டில் இந்தப் பக்கம் பேரன், அந்தப் பக்கம் பேத்தி, நடுவில் நான். நினைத்துப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வராது.

பாஸ்போர்ட் எடுக்கப் போன கதை தனி. எந்திரத்தில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், ஒன்றும் வரவில்லை. துடைத்து வைத்தேன், ஈரமாக்கி வைத்தேன், வரவில்லை. ரப்பர் பால் மரம் வெட்டி, அப்புறம் செம்பனைக்கு உரம் போட்டு, அப்புறம் பள்ளிக் கேன்டீனில் சட்டி கழுவிய கை. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் "மக்சிக், இன்னும் அழுத்தி" என்று அத்தை முறை வைத்துத் தன் கையால் என் விரலைப் பிடித்து அழுத்தினாள். என் மகன் பெருமூச்சு விட்டான். "என்னம்மா இது, ஒங்க கையில ஆளே இல்ல." கடைசியில் ஒரு கட்டைவிரல் எப்படியோ விழுந்தது. சிவப்புப் புத்தகம் வந்ததும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மருமகள் "தொலைச்சிடுவீங்க அத்தை" என்று எடுத்துப் போய்த் தன் அலமாரியில் வைத்தாள்.

அதற்கப்புறம் வந்ததுதான் ட்ரையல். என் மகன் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்ய மாட்டான். ஐந்து பேரும் பெட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு, பந்திங் வழியாகப் போர்ட்டிக்சன் போய்த் திரும்புவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டேன். பேரன் பார்த்துவிட்டு, "பாட்டி, கல்யாணத்துக்கா?" என்றான்.

பந்திங் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. எனக்கு வாய் நிற்கவில்லை. இந்தப் பக்கம்தான் நான் உரம் போட்டேன், இந்த வளைவில்தான் லோரி கவிழ்ந்தது, ஆறு பொம்பளைகள் கிடங்கில் விழுந்தோம், ஒருத்தி எழுந்திருக்கவே இல்லை, எங்களை மேய்க்கிற மண்டோர் முதலில் வந்து உரமூட்டையைத்தான் எண்ணினான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தால் இரண்டு பிள்ளைகளின் காதிலும் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. சரி, கண்ணாவது திறந்திருக்கிறதே என்று பேசிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் எனக்கு அவசரம் வந்தது. பெட்ரோல் ஊற்றுகிற எண்ணெய்க் கடையில் நிறுத்தினான். திரும்பக் கொஞ்ச தூரத்தில் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கேட்டபோது மகன் ஸ்டியரிங்கைக் கையால் தட்டினான்.

"இப்பத்தானேம்மா போனீங்க."

"பாட்டி டேங்க் சின்னது லா" என்றான் பேரன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நல்லாத்தான் இருந்தது.

"ஜெர்மனி ரோட்டுல நெனச்ச எடத்துல நிறுத்த முடியாதுங்க" என்று மருமகள் மகனிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. "பிடிச்சா பெரிய பைன். அத்தைக்கு டயப்பர் போட்டாத்தான் முடியும்."

"அம்மா, ப்ளீஸ். நான் சாப்பிட்டுக்கிட்டு வரேன்" என்றாள் பேத்தி.

போர்ட்டிக்சனில் இறங்கிப் பெட்டிகளை வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கிப் பார்த்தார்கள். ஒரு பெரிய பெட்டி எப்படி வைத்தாலும் பின்னால் போகவில்லை. நான் காடிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பேத்தி இங்கிலீஷில் தன் அப்பாவிடம் சொன்னாள், அந்த நடு சீட்டில் பெட்டியை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. எனக்கு இங்கிலீஷ் படிக்கத்தான் தெரியாது. கேட்கத் தெரியும். என் மகன் நடு சீட்டைப் பார்த்தான். அதில் நான் இருந்தேன். என்னைப் பார்க்கிற மாதிரி இல்லை, என் அகலத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டேன். ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. சேலை நனைந்துவிட்டது. பெட்டி மறைத்துக்கொண்டது.

அன்றைக்கு இரவு சாப்பாட்டில் பேச்சு ஆரம்பித்தது. நானும் மேசையில்தான் இருந்தேன், மீன் முள்ளை எடுத்துப் பேரன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல ஒண்ணு கேக்கறேன்" என்றான் பேரன். "அங்க போயிப் பாட்டிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"வாய மூடு" என்றாள் அவன் அம்மா.

"இல்லம்மா, சீரியஸா. பாடியக் கொண்டு வர்றது ரொம்ப சூசா, பெரிய தொல்லை. ப்ளேன்ல தனி பாக்ஸ்."

"அங்கேயே பொதைச்சிடலாம்" என்றாள் பேத்தி. "வருஷா வருஷம் போறதுக்கு ஒரு சாக்கு."

எனக்குச் சிரித்துச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. பேரன் முதுகில் தட்டினான். மகன் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, நான் யோசிச்சேன். ஒங்களால முடியாதும்மா. இன்னைக்குப் பாத்தோம்ல."

"நான் கம்முனு வரேன் ஐயா. தண்ணி குடிக்கமாட்டேன்."

"அதுக்கில்லம்மா."

"பந்திங்ல ஒரு ஹோம் பாத்திருக்கேன், அத்தை" என்றாள் மருமகள். "ரெண்டு வாரந்தான். டிவி இருக்கு, தமிழ்ப் பொண்ணுங்கதான் பாத்துக்கறாங்க."

ட்ரையல் போன அன்றே பார்த்துவிட்டாளா, அதற்கு முன்னாலேயா என்று நான் கேட்கவில்லை.

"ஆனா பாட்டி வரலன்னா அவங்கல்லாம் எடம் குடுப்பாங்களா?" என்றாள் பேத்தி. எங்கள் வீட்டில் கெட்டிக்காரி அவள்தான்.

மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். கடைசி நேரத்தில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட வேண்டும். டிக்கெட் எல்லாம் எடுத்தாயிற்று, பிள்ளைகள் ஏமாந்துபோகும், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று நானே சொல்லிவிட வேண்டும். அப்புறம் எனக்கு என்ன வியாதி என்பதில் தகராறு வந்தது.

"முட்டி வலி" என்றான் மகன்.

"முட்டி வலிக்கு யாராச்சும் வீட்டுல இருப்பாங்களா? வந்து தைலம் தேச்சுக்கச் சொல்லுவாங்க."

"சக்கரை."

"சக்கரை யாருக்கு இல்ல?"

"ஹார்ட்" என்றான் பேரன்.

"ஹார்ட்டுன்னா அடுத்த ப்ளேன்ல இங்க வந்து நிப்பாங்கடா."

"சரி, பாட்டிகிட்டயே கேப்போம்" என்று பேரன் என் பக்கம் திரும்பி, சாப்பாட்டு ஒட்டுக்கடையில் ஆர்டர் எடுக்கிற பையன் மாதிரி நின்றான். "பாட்டி, ஒங்களுக்கு என்ன வேணும்?"

"தலைசுத்தல் நல்லாருக்கும்" என்றேன். "டாக்டர் ப்ளேன் ஏறக்கூடாதுன்னுட்டாருன்னு சொல்லிக்கலாம்."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "பாட்டி, செமை" என்று பேரன் என் கையில் தட்டினான். அந்த வீட்டில் நான் சொன்ன ஒன்றை எல்லோரும் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என்ன சொல்ல.

வாய்ஸ் பதிந்தது பேரன். கட்டிலில் படுக்கவைத்து, தலையணையை எடுத்துவிட்டு, போனை என் வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டான். முதல் தடவை பேசியபோது, "பாட்டி, இது மார்க்கெட்ல மீன் விக்கிற சத்தம். மெதுவா. மூச்சு வாங்குங்க" என்றான். எனக்கு நடிப்பு வரும். தோட்டத்தில் திருவிழா நாடகத்தில் ஒரு தடவை பேயாக வந்திருக்கிறேன். "எம்மா... பெரியம்மா பேசறேன்... தலைய தூக்க முடியல சாமி..." என்று ஆரம்பித்தேன். நடுவில் கொஞ்சம் நிறுத்தினேன். அந்த நிறுத்தலில் மருமகளே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மகன் ரொம்ப நல்லாருக்கு என்று அனுப்பிவிட்டான்.

ரொம்ப நன்றாக இருந்ததுதான் தப்பாகப் போய்விட்டது.

ஜெர்மனியில் அது தலைசுத்தலாகப் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அவள் அம்மாவிடம், அதாவது என் தங்கையிடம் வந்தபோது குளியலறையில் விழுந்துவிட்டேன். தங்கையிடமிருந்து ஹாலந்து போனபோது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாரிசுக்குப் போனபோது பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் நான் வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன், மகன் ஓடிவருகிறான்.

"அம்மா, போய்ப் படுங்க. சித்தி வர்றாங்க."

படுத்தேன். தங்கை அவள் வீட்டுப் பக்கத்துச் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கிள்ளான் வந்து, ஸ்டேஷனிலிருந்து டாக்சி பிடித்து வந்தாள். அவளுக்குச் சர்க்கரை. இடது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று, காலை அரக்கி அரக்கித்தான் நடப்பாள். ஒரு கையில் பெரிய மீலோ டின், இன்னொரு கையில் ஆரஞ்சுப் பை. என்னைப் பார்த்ததும் இரண்டையும் கீழே போட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆரஞ்சு கட்டிலுக்கடியில் உருண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்து அவள் இன்னும் அழுதாள்.

எழுந்து கண்ணைத் துடைத்தவள் கூடத்துக்குப் போனாள். அங்கே பெட்டிகள் திறந்து கிடந்தன. புதுச் சப்பாத்து, குளிர்ச் சட்டை, எல்லாம்.

"இதெல்லாம் என்ன?"

"அது... ட்ரிப்புக்கு, சித்தி" என்றான் என் மகன்.

"எந்த ட்ரிப்புக்கு? எங்கக்கா பேச்சு மூச்சில்லாமக் கெடக்கு, நீ பொண்டாட்டி புள்ளயோட ஊர் சுத்தப் போறியா?"

"சித்தி, அம்மாதான் போகச் சொன்னாங்க."

"பேச்சு வராதவ எப்படிடா சொன்னா?"

நான் உள்ளே படுத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டேன். நாடகம்கூட இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று வீடுகளிலிருந்தும் போன் வந்துவிட்டது. பாரிஸ்காரன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறானாம். ஹாலந்துக்காரன் வீட்டில் தண்ணீர் வரவில்லை. ஜெர்மனிக்காரி சுற்றி வளைக்கவில்லை. வீடியோவில் வந்து, "அண்ணே, பெரியம்மாவ அந்த நெலமையில விட்டுட்டு நீங்க இங்க வந்தீங்கன்னா, நான் கதவத் தொறக்கமாட்டேன்" என்றாள். என் மகனை நாற்பது வயதுக்கு மேல் யாரும் அப்படிப் பேசியதில்லை.

என்னை நடக்க முடியாதவளாக்கினால் தாங்கள் நடக்கலாம் என்று நினைத்தார்கள். ஒரு தாய் படுக்கையில் கிடந்தால் மகனும் அவளோடு படுத்துக்கிடக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சட்டம் மாதிரி. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன், பெட்டி அடுக்குகிற அவசரத்தில் மறந்துவிட்டான்.

அன்றைக்கு இரவு கூடத்தில் பெரிய சண்டை. ஓட்டலில் தங்கினால் காசு போதாது, பாதி ஊரோடு திரும்ப வேண்டும் என்றான் மகன். எல்லாம் உங்கள் அம்மாவால் என்றாள் மருமகள். "தலைசுத்தல்னு சொன்னா, செத்துப்போற மாதிரி எதுக்குப் பேசணும்?" என்று பேத்தி கேட்டது எனக்குத்தான். கதவு திறந்தே இருந்தது.

மறுநாள் மகன் மறுபடியும் என் கட்டிலில் உட்கார்ந்தான். காலைப் பிடிக்கவில்லை.

"நீங்க வரணும்மா."

"சரி ஐயா."

"திடீர்னு எந்திரிச்சு நடந்தா பொய்னு தெரிஞ்சிடும். கொஞ்சம் தேவலாம், டாக்டர் மாத்திரை குடுத்து ப்ளேன் ஏறலாம்னுட்டாரு, ஆனா நடக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கேன். வீல்சேர்ல வரணும். பாரிஸ்லேருந்து ஜெர்மனி வரைக்கும், அவங்க முன்னாடி நிக்கவே கூடாது. முடியுமா?"

"முடியும்."

"சத்தமாச் சிரிக்கக் கூடாது. ரெண்டாவது தடவ சோறு கேக்கக் கூடாது. ஒரு தடவ தப்புப் பண்ணினாலும் பந்திங்தாம்மா. நான் சொல்லிட்டேன்."

எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன். நடு இடம் எனக்கு வந்துவிட்டது. வீல்சேர் பின்னால் ஏற வேண்டும் என்றதும் அந்தப் பெரிய பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. பேத்தி தன் சட்டைகளில் பாதியைத் திரும்ப அலமாரியில் அடித்து அடித்து வைத்தாள். ஒவ்வொன்றையும் என் கண்ணெதிரில்தான் வைத்தாள். பேரன் என்னை உட்காரவைத்துத் தெருவில் தள்ளிப் பழகினான். வடிகால் ஓரத்தில் கொஞ்சம் வேகமாகத்தான் தள்ளினான். "பாட்டி, மலையில கையை விட்டுடவா?" என்றான். விடு என்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். தங்கை போன் செய்தாள். அன்றைக்கு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோதே வேண்டிக்கொண்டாளாம், நான் கண்ணைத் திறந்து பேசினால் பால்குடம் எடுப்பதாக. இப்போது பேசிவிட்டேன். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பயணத்துக்கு முன்னாலேயே எடுக்கிறாளாம், வெள்ளிக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில்.

"ஒன் காலுக்கா?" என்றேன். அந்தப் பலவீனக் குரலை மறந்துவிட்டேன். நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை.

"வேண்டுதல்னா வேண்டுதல்தான்க்கா. செருப்புப் போட்டுக்கிட்டா எடுக்க முடியும்?"

மகனிடம் சொன்னேன். "ஐயா, அவ காலு வெந்துடும்டா. சொல்லிடலாம்."

"சொன்னா சித்தி அடுத்த நிமிஷம் ஜெர்மனிக்குச் சொல்லிடுவாங்க." என்னை நேராகப் பார்த்தான். "ஒங்க இஷ்டம்மா. சொல்லணும்னா சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

பந்திங் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை என்னைக் கோயில் வாசலில் பந்தல் நிழலில் வீல்சேரில் நிறுத்தினார்கள். மகன் பின்னால், மருமகள் பக்கத்தில். பேரன் போனை உயரப் பிடித்திருந்தான். ஜெர்மனிக்காரி அதில் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சியில் இருந்தது. தெரு முனையிலிருந்து தங்கை வந்தாள். மஞ்சள் சேலை, தலையில் குடம், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தார் இளகிக் கிடந்தது. விரல் இல்லாத அந்தக் காலை வைக்கும்போது ஒரு நொடி நின்று, அப்புறம் அடுத்த காலை எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு ஆள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். ஊற்றிய தண்ணீர் அவள் வருவதற்குள் காய்ந்துகொண்டிருந்தது.

என் கால் தானாகக் கீழே இறங்கியது. மகன் குனிந்து என் தோளைப் பிடித்தான்.

"எந்திரிக்காதீங்கம்மா" என்றான் மெதுவாக.

காலை எடுத்துத் திரும்ப வீல்சேரின் கால்தகட்டின் மேல் வைத்துக்கொண்டேன். யோசித்தெல்லாம் வைக்கவில்லை. பின்சீட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொள்ள முடியாத பிள்ளைகள். என் கண்ணில் அதுதான் இருந்தது. தங்கை என்னைக் கடந்து உள்ளே போனாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

அபிஷேகம் முடிந்து விபூதியோடு வந்தாள். என் நெற்றியில் பூசினாள், கொஞ்சம் வாயில் போட்டாள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"கொஞ்சம்... தேவலாம்" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"பாத்தியா. கைவிடமாட்டான்."

அவளால் நிற்க முடியவில்லை. பாதத்தில் கொப்புளம் எழும்பி, ஒன்று உடைந்து சிமெண்டில் ஈரம் பட்டிருந்தது. சுற்றிப் பார்த்தாள். உட்கார ஒரு நாற்காலி கிடையாது. வீல்சேரின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றாள். அவள் பாரத்தில் சேர் பின்னால் லேசாகச் சாய்ந்தது. தகட்டோடு என் கால் மேலே எழும்பியது.

"ஒனக்கு ஒண்ணும் பண்ணலையேக்கா?" என்றாள் மேலிருந்து.

"இல்லடி. நீ நல்லாப் பிடிச்சுக்க" என்றேன்.